கடல் பக்கம் நகர்ந்த புள்ளி

மரக்காணத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். சித்திரை வெயிலில் உப்பளத்தை வேடிக்கை பார்க்கப் போகிற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி பேதலிக்கவில்லை.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது திருச்சி. இருபது வருஷமாக ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். வானத்தைப் படமெடுக்கும் ஒரு திட்டத்தில் படம் சரிபார்ப்பவள். வானத்தில் ஒரே இடத்தைச் சில வருஷ இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்களை மாற்றி மாற்றி ஓட விட்டால், எல்லாப் புள்ளியும் போட்டது போட்டபடி நிற்கும். எப்போதாவது ஒன்று மட்டும் துளி நகரும். அப்படி நகர்ந்தால் அது நமக்குப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரமாக இருக்கலாம். கரையில் நின்று பார்த்தால் கிட்டத்தில் போகிற படகு போவது தெரியும், தூரத்துக் கப்பல் நிற்கிற மாதிரி இருக்கும், அந்தக் கணக்குதான். இப்படி அக்கம்பக்கத்தில் இருந்தும் ஆள் கண்ணில் படாத மங்கல் நட்சத்திரங்கள் உண்டு. அணைத்த அடுப்பு போல, சூடு இருக்கும், வெளிச்சம் இருக்காது. மனிதக் கண் இவற்றை நன்றாகப் பிடிக்கும் என்பதால் படங்களை எல்லோருக்கும் திறந்து விட்டிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் போனில் பார்த்து, நகரும் புள்ளியைத் தொட்டு, ஒரு குறிப்பு எழுதி அனுப்பலாம். தமிழில் வரும் குறிப்பெல்லாம் என் மேசைக்கு வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏழுமலை என்று ஒருவர் அனுப்பியிருந்தார். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார். "கடல் பக்கமா நகருது. நாலு படத்துலயும் பாத்தேன்." வானத்தில் ஏது கடல் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ தண்ணி போட்ட கேஸ் என்று முடிவு கட்டி, 'செல்லாது' என்ற பொத்தானை அழுத்தினேன், அந்த வார்த்தை ஆங்கிலத்தில் அவருக்கே மின்னஞ்சலாகப் போய்விடும். படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதோடு விட்டேனா? காப்பி மெஷின் பக்கத்தில் நின்று இதை ஜெர்மனில் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன்.

போன வருஷம் வேறொரு நாட்டுக்காரர் ஒரு மங்கல் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பெரிய தொலைநோக்கி வைத்துச் சரிபார்த்து, நம் தெருவிலேயே குடியிருக்கிற ஆள் என்று உறுதி செய்தார்கள். பத்திரிகையில் கட்டுரை வந்தது. பழைய பதிவுகளை ஒழுங்கு செய்யும்போதுதான் பார்த்தேன், அதே புள்ளியை இரண்டு வருஷம் முன்பே தொட்டவர் ஏழுமலை. மேலதிகாரியிடம் போனேன். "திருத்தம் போடலாம். முதலில் கண்டவர் என்று அவர் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்றார். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. பதிவில் இருந்த முகவரி 'உப்பளம், மரக்காணம்', அவ்வளவுதான். கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை புதுச்சேரியில் ஏறிய பஸ்ஸில் தூங்கிப்போனேன். எங்கள் ஜெர்மன் ஊர் பஸ்ஸில் தூங்கினால் நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்லி எழுப்பும். இங்கே எழுப்பியது பக்கத்து சீட்டுப் பெண்மணியின் மீன் கூடை. மரக்காணம் தாண்டியிருந்தது.

"ஏம்மா, ஸ்டாண்டுல அந்தக் கத்து கத்துனேனே" என்றார் கண்டக்டர். "இங்கயே எறங்கிக்கங்க. ரோட்டத் தாண்டி கடல் பக்கமா நின்னா ரிட்டன் பஸ் வரும்."

இறங்கினேன். கடலைக் காணோம். ரோட்டின் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள், அங்கங்கே வெள்ளை மேடுகள், அவ்வளவுதான். படிக்கட்டில் நின்ற கண்டக்டரிடம், "கடல் பக்கம்னா எது?" என்று கேட்டேன்.

"கெழக்காலம்மா. அதோ, அந்தாண்ட. இந்த ஊர்ல கெழக்குனு யாரு சொல்றா? எல்லாம் கடல் பக்கந்தான்." பஸ் போய்விட்டது.

ஏழுமலை கிழக்கே நகர்கிறது என்று எழுதியிருக்கிறார். அது கிழக்கேதான் நகர்கிறது. மூன்று வருஷமாகத் தமிழ் தெரிந்தவள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தெரியவில்லை. 'ஈஸ்ட்' என்று எழுதியிருந்தால் திறந்து பார்த்திருப்பேன். ரிட்டன் பஸ் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அன்று மெஸ்ஸில் சாப்பிட்டது வஞ்சிரக் குழம்பு. மீன் அப்படி ஒரு ருசி, குழம்பில் உப்பில்லை. சொன்னேன். பரிமாறியவர் டப்பாவை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "போட்டுக்கங்க, ஊரு பூரா அதானே கெடக்குது" என்றார். இறால் தொக்கும் வாங்கினேன். அதற்கான தண்டனை பின்னால் வந்தது.

செவ்வாய் காலை ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பெயர் பாபு, நாற்பது வயசு இருக்கும், வாய் ஓயாத மனுஷன். ஜெர்மனியில் பனி பெய்தால் வழுக்காமல் இருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள் என்று சொன்னதும் வண்டியை மெதுவாக்கிவிட்டார். "ரோட்டுலயா? திங்கிற உப்பயா?" என்று இரண்டு தடவை கேட்டார். "இங்க அத வார்றதுக்குள்ள கண்ணு அவிஞ்சி போவுது மேடம்." பிறகு யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார்.

"ஏழுமலைன்னு ஒருத்தர். உப்பளத்துல வேலை பாக்கிறார்."

"எந்த ஏழுமலை? ரம்மி ஏழுமலையா?"

"ரம்மியா? இல்லைங்க, போன்ல நட்சத்திரம் பாக்கிறவர்."

"அவரேதான்." பாபு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நட்சத்திரம் பாக்குறேன்னுதான் சொல்லுவாரு. போன்ல ரம்மி ஆடறத மறைக்க அப்படி ஒரு கத. நீங்க என்ன, காசு குடுத்து ஏமாந்துட்டீங்களா? அவரு செத்து ஏழெட்டு மாசம் ஆவுது மேடம். மோட்டார் கொட்டாயில கரண்ட் அடிச்சி."

அதன்பிறகு பாபு பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. உப்பு லாரிகள் போகிற மண் ரோட்டில் முன் டயர் பஞ்சர் ஆனது. இறங்கி நடந்தேன். கையில் இருந்த ஒப்புதல் தாளில் ஏழுமலை கையெழுத்துக்கு ஒரு கோடு, அதற்குக் கீழே 'அவர் இல்லாதபட்சத்தில் வாரிசு' என்று இன்னொரு கோடு. மேலதிகாரி ஒரு சம்பிரதாயத்துக்காகச் சேர்த்தது. சேர்க்கும்போது இது எதற்கு என்று நான் முனகினேன்.

ஏழுமலையின் மனைவி மல்லிகா உப்பு சுமந்துகொண்டிருந்தார். ஆண்கள் பலகையால் இழுத்து வரப்போரம் குவித்த உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி மேட்டில் கொட்டுகிறார்கள். விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்கிற வேலை. நான் போனபோது கடைசி நடை. வெள்ளையில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் எனக்குக் கண்ணீர் வழிந்தது. அவர் அழுகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

நான் யார், எங்கிருந்து வருகிறேன், அவர் கணவர் கண்ட நட்சத்திரம் உண்மை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கூடையைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"செல்லாதுன்னு அனுப்புனது யாரு?" என்றார்.

"நான்தான்."

"இப்ப செல்லுதா?"

"செல்லுது. உங்க கையெழுத்து இருந்தா அவர் பேர் வரும். வெள்ளிக்கிழமைக்குள்ள..."

"எனக்கு வேணாம். நீங்க போங்க." கூடையோடு மேட்டின்மேல் ஏறிவிட்டார்.

லோடு ஏற்றுகிற இடத்திலிருந்து ஒருவர் வந்தார். மல்லிகாவின் அண்ணன் கோதண்டம், அங்கே மேஸ்திரி. அவர்தான் விஷயத்தைச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் ரம்மியில் தோற்று மருந்து குடித்துச் செத்திருக்கிறார். அதன்பிறகு ஊரில் போனைக் குனிந்து பார்க்கிற ஆண் யாரைக் கண்டாலும் பெண்களுக்கு ரம்மிதான் ஞாபகம் வரும். அந்தச் சமயத்தில் ஏழுமலை ஆட்டை விற்றுப் பெரிய போன் வாங்கினார். வேலை முடிந்து மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் இவர் மல்லாந்து படுத்துப் போனைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கிடப்பார். வீட்டில் ஒரே சண்டை.

"நா ஒண்ணு கண்டுபுடிச்சி அனுப்பிருக்கேன், பதில் வரும், வந்தா நம்புவீங்களான்னான்" என்றார் கோதண்டம். "சரின்னோம். வந்துச்சி. இங்கிலீஷ்ல இருந்துது, நாந்தான் படிச்சி சொன்னேன். செல்லாதுன்னு இருக்குதுடா, நட்சத்திரமாவது மண்ணாவதுன்னேன். என் தங்கச்சி கதவ சாத்திட்டா. அவன் மோட்டார் கொட்டாய்லயே தங்கிக்கினான். ரெண்டு வருசத்துக்கு மேல. மழ பெஞ்ச ஒரு ராத்திரி ஈரத்தோட ஸ்டார்ட்டர் பெட்டில கைய வச்சிட்டான்." என் பக்கம் திரும்பினார். "படிச்சி சொன்னது நானு. அனுப்புனது நீங்க. இப்ப வந்து செல்லும்னா எப்புடி மேடம்?"

பாபு ஸ்டெப்னி மாட்டி வந்து சேர்ந்தார். ஏறித் திரும்பினேன்.

புதன்கிழமை முழுக்க லாட்ஜில் படுத்துக் கிடந்தேன். இறால் தொக்கு வேலையைக் காட்டிவிட்டது. கீழே டீக்கடைக்காரர் ஓமம் போட்ட வெந்நீர் கொடுத்தனுப்பினார், மூன்று தடவை, காசு வாங்க மறுத்துவிட்டார். பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடுவில் எனக்கு ஒன்றே ஒன்று உறைத்துக்கொண்டிருந்தது. மல்லிகா ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? ஏழுமலை பொய் சொன்னார் என்றே இருந்துவிட்டால், பொய்க்காரனைத்தான் வெளியே தள்ளினோம் என்று அந்தம்மா மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். நான் கொண்டு வந்த தாள் அதையும் பிடுங்குகிறது. மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று போய், என் பாரத்தை அவர் தலைக் கூடையில் கொட்டப் பார்த்திருக்கிறேன்.

சும்மா திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கொண்டு வந்த பையைக்கூடக் கட்டினேன். ஆனால் செத்தவர் பெயர் ரம்மி ஏழுமலை என்றே அந்த ஊரில் நிற்கும். அதற்கும் நான்தான் காரணம்.

வியாழன் பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போனேன். ஓடு போட்ட ஒற்றை அறை. மல்லிகா கால்களைத் தண்ணீர் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வெடிப்புகளில் ஏறிய உப்பை ஊறவைத்துத்தான் எடுக்க முடியுமாம். கோதண்டமும் இருந்தார். போகச் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார்கள்.

"கையெழுத்து வேண்டாம்" என்றேன். "படத்தை மட்டும் காட்டிட்டுப் போறேன். அவர் பாத்தது இதுதான்."

டேப்லெட்டில் நான்கு படங்களையும் ஓட விட்டேன். கறுப்பில் புள்ளி புள்ளியாக ஓடியது. மல்லிகா வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் நிக்கிதே" என்றார். உடனே, "தோ, இது" என்று விரல் வைத்தார். சரியான புள்ளி. பயிற்சி எடுத்தவர்களுக்கே பிடிபட அரை மணி ஆகும். "இது இந்தாண்ட போவுது."

"ஆமாம். இடது பக்கம்."

"அவரு கடல் பக்கம்னுதான சொன்னாரு? கடலு சோத்தாங்கை பக்கமில்ல? மேப்புல அப்புடித்தான இருக்கும்?"

லேசான கேள்வியா இது, என் சக ஊழியர்களே தடுமாறுகிற இடம். "தரையோட படம்னா கிழக்கு வலது பக்கம். இது நிமிந்து பாக்கிற படம். வடக்கு மேல இருந்தா கிழக்கு இடது பக்கம் வந்துடும். அவர் எப்படிப் பாத்தார்னு தெரியலை. வடக்கே தலை வெச்சு மல்லாந்து படுத்துப் பாத்திருந்தா, கடல் இடது கைப் பக்கம், படத்துலயும் அதே பக்கம், கச்சிதமா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மல்லிகாவின் முகம் மாறியது. வாளியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"வடக்கால தல வச்சித்தான் படுப்பாரு" என்றார். "பொணத்தயா கெடத்திருக்குது, வடக்க தல வைக்காதன்னு நான் தலப்பாடா அடிச்சிக்குவேன். கட்டையால ஒருநாள் அடிச்சிகூட இருக்கேன். இப்புடி படுத்தாதான், மல்லி, எல்லாம் நேரா வருதும்பாரு. அதனாலதான் போயிட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, ரம்மி ஆடறவனுக்கு எந்தாண்ட தல வச்சா என்ன?"

கோதண்டம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறையில் யாரும் அழவில்லை, அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு மல்லிகா நட்சத்திரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். பெயர் கிடையாது, நீளமான நம்பர்தான் என்றேன். "லாரி மாதிரியா" என்றார். கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவரே கேட்டு வாங்கினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நீங்க செல்லாதுன்னு சொன்னது இதுல இல்லயே?"

"இல்லை."

"எழுதுங்க."

எழுதினேன். இந்தக் கண்டுபிடிப்பு முதலில் வந்தபோது படத்தைத் திறந்து பார்க்காமலே நிராகரித்தவர் சரிபார்ப்பாளர், அது நான் என்று என் பெயரோடு, ஆங்கிலத்தில் இரண்டு வரி. படித்துக் காட்டினேன். வேலை போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

"என்னயும் எழுதுங்க" என்றார்.

"உங்களை எதுக்கு?"

"நம்பலன்னு. கதவ சாத்துனேன்னு. பொண்டாட்டியே நம்பலன்னு எழுதுங்க."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்லைங்க. நட்சத்திரத்தைப் பத்தி மட்டும்தான்..."

"உங்களுக்கு எடம் இருந்துச்சில்ல?"

அதையும் எழுதினேன். அவர் கீழே வாரிசுக்கான கோட்டில் 'ஏ. மல்லிகா' என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ஈரக் காலின் தடம் தரையில் உப்புப் பூத்து நின்றது. கோதண்டம் என்னை ரோடுவரை கொண்டு வந்து விட்டார். "அவன் போனு எங்கிட்டத்தான் இருக்குது" என்றார். "தொறக்கத் தெரியல. தெரிஞ்சாலும் தொறக்க மாட்டேன்." பாபுவின் ஆட்டோ வந்தது. ஏறும்போது பாபு, "ஏழுமலை வீட்டுலேர்ந்து வரீங்களா?" என்றார். முன்னால் இருந்த சொல்லை அவர் விட்டுவிட்டதைக் கவனித்தேன்.

தாளைப் படமெடுத்து அன்றே அனுப்பினேன். ஜெர்மனிக்குத் திரும்பினேன். ரோட்டில் உப்பு கிடக்கிற காலமில்லை, மரமெல்லாம் பூத்துக் கிடந்தது. மூன்று வாரத்தில் திருத்தம் வந்தது. ஒரே வரி. முதலில் கண்டவர், மரக்காணம் ஏழுமலை. நான் எழுதிய வரிகளும் மல்லிகா சொன்னதும் இல்லை. மேலதிகாரியைக் கேட்டேன். "சொந்த விஷயங்களுக்கு அறிவியலில் இடமில்லை. அதோடு, உங்கள் நன்மைக்காகத்தான்" என்றார் தணிந்த குரலில். என் வேலை போகவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மல்லிகாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். பெயரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நம்ம ரெண்டு பேரயும் எடுத்துட்டாங்களா?" என்றார்.

"எடுத்துட்டாங்க."

பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நீங்களே எழுதுங்க. தமிழ்ல. இங்க இருக்கிறவங்க படிக்கட்டும்" என்றார். எழுதிவிட்டேன். படத்தைத் திறந்து பார்க்காதவள் நான். கதவைச் சாத்தியவர் அவர். ஏழுமலை சொன்னது உண்மை.